முதல் ராக் கான்சர்ட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு

வருஷக்கணக்காக ஹெட்போனில் மட்டுமே கேட்டுவந்த பேண்ட் இந்தியாவுக்கு வருகிறது, டிக்கெட்டுக்குக் கையில் காசும் இருக்கிறது, ஆனால் இதுவரை ஒரு பெரிய ராக் கான்சர்ட்டின் வாசலைக்கூட மிதித்ததில்லை. அப்படி இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் முதன்முதலில் போனது 2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ் மைதானம், இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் பேண்டான அயர்ன் மெய்டன். சென்னையிலிருந்து ஐந்து பேர் போனோம். எல்லாரும் கல்லூரிப் பையன்கள், யாருக்கும் எதுவும் தெரியாது. அதற்கப்புறம் அதே மைதானத்தில் 2011-ல் மெட்டாலிகா, நடுவிலும் பிறகும் சின்னதும் பெரியதுமாக நிறைய. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்றைத் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டோம்.

முதலில் ஒரு கணக்கு. பேண்ட் மேடையில் நிற்பது ஏறக்குறைய இரண்டு மணி நேரம், நீங்கள் அதற்காகக் காலில் நிற்பது ஏழெட்டு மணி நேரம். நீங்கள் காத்திருந்த அந்த ஒரு பாட்டு பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அது வரும்போது உடம்பில் தெம்பு இருக்க வேண்டும், பக்கத்தில் நண்பன் இருக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே அதற்கான ஏற்பாடுதான்.

ஆள் சேர்த்து டிக்கெட் எடுப்பது

மூன்று பேருக்குக் குறையாமலும் ஐந்தாறு பேருக்கு மிஞ்சாமலும் போங்கள். இரண்டே பேர் என்றால் ஒருவருக்கு முடியாமல் போனாலும் மற்றவரின் கச்சேரியும் போச்சு. பத்துப் பேர் என்றால் பாதி நேரம் ஆளைத் தேடுவதிலேயே போய்விடும். எல்லாரும் அந்த பேண்டின் தீவிர ரசிகர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. எங்களோடு மெய்டனுக்கு வந்தவர்களில் ஒருவன் அதுவரை ராஜாவையும் ரகுமானையும் தவிர வேறு எதையும் கேட்டதில்லை, 'நீங்க எல்லாம் போறீங்க, நானும் வரேன்டா' என்று வந்தவன். இன்றைக்கு எங்கள் கூட்டத்தில் அதிகம் மெட்டல் கேட்கிறவன் அவன்தான்.

டிக்கெட்டை எல்லாரும் ஒரே பகுதிக்கு எடுங்கள். ஒருவர் மேடையை ஒட்டிய பகுதிக்கும் மற்றவர்கள் பின்னால் இருக்கும் பொதுப்பகுதிக்கும் எடுத்தால் நடுவில் தடுப்பு இருக்கும், கச்சேரி முடியும்வரை சேரவே முடியாது. விலை கட்டுப்படியாகாத நண்பன் இருந்தால் எல்லாரும் அவனோடு பின்னால் நின்றுவிடுங்கள், நான் உறுதியாகச் சொல்கிறேன், அதுதான் நல்ல கச்சேரி. விற்பனை திறக்கும் நாளில் குறைந்தது இரண்டு பேர் தனித்தனிக் கணக்கில் முன்கூட்டியே உள்ளே நுழைந்து, பணம் கட்டும் விவரங்களைச் சேமித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். தவறவிட்டால் முன்பின் தெரியாதவரிடம் ஸ்க்ரீன்ஷாட்டாக டிக்கெட் வாங்காதீர்கள். ஒரே க்யூஆர் கோடைப் பத்துப் பேருக்கு விற்க முடியும், வாசலில் முதலில் ஸ்கேன் செய்தவருக்கு மட்டும்தான் கதவு திறக்கும்.

பயணம்

சென்னையிலேயே நடந்தால் யோகம். 2009-ல் ஸ்வீடனிலிருந்து ஓபெத் என்ற மெட்டல் பேண்ட் வந்து ஐஐடி மெட்ராஸின் சாரங் விழாவில் வாசித்தார்கள், பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். ஆனால் பெரிய பேண்டுகள் பெரும்பாலும் பெங்களூருக்கோ மும்பைக்கோதான் வருகின்றன. மும்பை மகாலட்சுமி ரேஸ் கோர்ஸில் 2023-லிருந்து லொல்லாபலூசா இசை விழா நடக்கிறது, 2025 மே மாதம் கன்ஸ் அண்ட் ரோசஸ் வாசித்ததும் அங்கேதான். ஆகவே தமிழ்நாட்டு ரசிகருக்குக் கான்சர்ட் என்றாலே ராத்திரி ரயிலும் சேர்ந்த விஷயம்.

சென்னை சென்ட்ரலில் ராத்திரி ஏறி விடிகாலையில் பெங்களூரில் இறங்குவது எங்கள் வழக்கம். பேலஸ் கிரவுண்ட்ஸ் என்றால் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்குவது நல்லது, கிட்டத்தில் இருக்கிறது. கச்சேரி அன்று காலையில் போய்ச் சேருவதானாலும் குளிக்க, இரண்டு மணி நேரம் படுக்க ஓர் இடம் பிடித்துக்கொள்ளுங்கள், நாலு பேர் பங்கு போட்டால் பெரிய செலவில்லை. நாங்கள் முதல் தடவை அதைச் செய்யவில்லை. காலை ஆறு மணிக்கு இறங்கி ஊரெல்லாம் சுற்றிவிட்டு மத்தியானம் வரிசையில் நின்றோம். சாயங்காலம் முதல் பேண்ட் மேடைக்கு வந்தபோது ஒருவன் தரையில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

இன்னும் இரண்டு விஷயம். இந்தியாவில் ராத்திரி பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அப்படி. அதனால் மைதானக் கச்சேரிகள் பத்து மணியையொட்டி முடிந்துவிடும், முக்கிய பேண்ட் எட்டு மணிவாக்கிலேயே ஏறிவிடும். 'ராக் ஸ்டார் எல்லாம் லேட்டாத்தான் வருவாங்க' என்று நினைத்துக்கொண்டு ஒன்பது மணிக்குப் போய் நிற்காதீர்கள்.

இன்னொன்று, கச்சேரி ரத்தாகலாம். 2011 அக்டோபர் 28 அன்று டெல்லிப் பக்கம் குர்கானில் நடக்க வேண்டிய மெட்டாலிகா கச்சேரி கடைசி நேரத்தில் நின்றுபோனது. இரண்டு நாள் கழித்து, 30-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில் நடந்தது. அங்கே எங்களுக்கு முன்னால் நின்ற மூன்று பேர் டெல்லிக்காரர்கள். தங்கள் ஊரில் பார்க்க முடியாமல் போனதால் கிடைத்த விமானத்தில் ஏறி வந்திருந்தார்கள், ஒருவருக்கு மறுநாள் காலை அலுவலகம் வேறு. ஆகவே ரயிலோ அறையோ, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி எடுங்கள்.

பாட்டைக் கேட்டுவிட்டுப் போங்கள்

கச்சேரிக்கு ஒரு மாதம் முன்பிருந்து, அதே சுற்றுப்பயணத்தில் மற்ற ஊர்களில் என்னென்ன வாசித்தார்கள் என்று பாருங்கள். அந்தப் பட்டியலை செட்லிஸ்ட் என்போம், இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ஆச்சரியம் கெட்டுவிடுமே என்று நினைப்பவர்கள் பார்க்க வேண்டாம், அதுவும் சரிதான். நான் பார்ப்பேன். தெரியாத பாட்டு ஓடும்போது கூட்டத்தில் நாம் தனியாகிவிடுகிறோம், தெரிந்த பாட்டென்றால் முதல் இரண்டு நொடியிலேயே உடம்புக்குப் புரிந்துவிடுகிறது.

முன்னால் வாசிக்க வரும் பேண்டுகளையும் கேட்டுவிட்டுப் போங்கள். 2007-ல் மெய்டனுக்கு முன்பு டெல்லியின் பரிக்ரமா வாசித்தார்கள். மெட்டல் கூட்டத்துக்கு நடுவே மேடையில் ஒரு வயலினை நான் எதிர்பார்க்கவே இல்லை. கர்நாடகக் கச்சேரி வயலினை மட்டுமே கேட்டு வளர்ந்த எனக்கு அது அப்படியே நெஞ்சுக்குள் இறங்கியது. அந்த வருஷமே அவர்களுக்கு இங்கிலாந்தின் டவுன்லோட் ராக் விழாவில் வாசிக்க அழைப்பு வந்தது. அந்த நேரத்தில் வெளியே தின்பண்ட வரிசையில் நின்றவர்கள் எதை இழந்தோம் என்றுகூடத் தெரியாமல் உள்ளே வந்தார்கள்.

சில பேண்டுகள் மேடையேறும் முன் ஓர் அடையாளப் பாட்டை ஸ்பீக்கரில் போடுவார்கள். அயர்ன் மெய்டனுக்கு யுஎஃப்ஓ பேண்டின் 'டாக்டர் டாக்டர்'. மெட்டாலிகாவுக்கு 1983-லிருந்து இத்தாலியத் திரை இசையமைப்பாளர் எனியோ மோரிக்கோனியின் 'எக்ஸ்டசி ஆஃப் கோல்ட்'. இது தெரியாவிட்டால் ஏதோ பழைய பாட்டு ஓடுகிறது என்று நினைத்துத் தண்ணீர் வாங்கப் போய்விடுவீர்கள். அது கேட்டதும் இருந்த இடத்திலேயே நில்லுங்கள், அடுத்த சில நிமிஷத்தில் விளக்கு அணையும்.

காது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகப் போகிறவர்கள் யாரும் காதைப் பற்றி நினைப்பதே இல்லை. பெரிய ராக் கச்சேரியில் ஒலி 100 டெசிபலைத் தொடுவதும் தாண்டுவதும் சகஜம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்குப்படி 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். அப்படிக் குறைத்துக்கொண்டே வந்தால் 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிஷம்தான். உலக சுகாதார நிறுவனமும் 2022-ல், இசை நடக்கும் இடங்களில் பதினைந்து நிமிஷ சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்திருக்கிறது.

மெய்டன் முடிந்து இரண்டு நாள் எனக்குக் காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரே சத்தம், வகுப்பில் ஆசிரியர் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி கேட்டது. அது போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு தடவையும் போய்விடும் என்று சொல்ல முடியாது. உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

மருந்துக்கடையில் சில ரூபாய்க்கு ஸ்பாஞ்ச் மாதிரி காதடைப்பான் கிடைக்கும், அதுவே போதும். பலர் அதைச் சும்மா காது ஓரத்தில் செருகிவிட்டு 'வேலை செய்யலை' என்கிறார்கள். விரலால் உருட்டி உருட்டி மெல்லிய திரி மாதிரி ஆக்குங்கள். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதின் மேல்நுனியை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விடுங்கள். அரை நிமிஷம் விரலை எடுக்காமல் வைத்திருந்தால் அது உள்ளே விரிந்து கச்சிதமாக உட்கார்ந்துவிடும். உங்கள் குரல் மண்டைக்குள்ளேயே கேட்டால் சரியாகப் பொருந்திவிட்டது என்று அர்த்தம். ஒரே குறை, ஸ்பாஞ்ச் உயர்ந்த சுருதிகளை அதிகமாக விழுங்கும், டிரம்மோடு இருக்கும் சிம்பல் தட்டின் பளபளப்பு குறையும். அடிக்கடி போகிறவரானால் இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் சிலிக்கான் காதடைப்பான் வாங்குங்கள், எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். நான் அதைப் போட்டுக்கொண்டு கேட்ட முதல் கச்சேரியில் பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு தட்டும் பிரிந்து கேட்டது, அதுவரை அது வெறும் உறுமலாகத்தான் இருந்தது.

உடுப்பு, பை, சாப்பாடு

பழைய, காலுக்குப் பழகிய, முழுப் பாதத்தையும் மூடும் ஷூ. செருப்பு வேண்டவே வேண்டாம், ஆயிரம் பேர் மிதிப்பார்கள். ஷூ கயிற்றை இரட்டை முடிச்சுப் போடுங்கள். பருத்திச் சட்டை, ஜிப் வைத்த பாக்கெட். மழைக்காலமென்றால் பொட்டலம் மாதிரி மடிக்கிற மழைக்கோட்டு, குடையை உள்ளே விடமாட்டார்கள். தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், பெரிய பை இவற்றுக்கும் பல இடங்களில் தடை இருக்கும், டிக்கெட்டோடு வரும் விதிகளை ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள். அடையாள அட்டை எல்லாரிடமும் இருக்கட்டும்.

மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், உள்ளே விலை எரிச்சல் தரும். வெயிலில் நிற்கும்போது தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். மூத்திரம் வருமே என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் நின்ற ஒரு தோழி, முக்கிய பேண்ட் ஏறுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் மயங்கி விழுந்தாள். பாதிக் கச்சேரியை முதலுதவிக் கூடாரத்தில், குளுக்கோஸ் தண்ணீரோடு, கான்வாஸ் துணிக்கு அப்பாலிருந்து கேட்டோம்.

உள்ளே நுழைந்ததும்

முதல் வேலை, சந்திக்கும் இடம் குறிப்பது. பல்லாயிரம் பேர் கூடும் இடத்தில் போன் சிக்னலை நம்ப முடியாது. 'கேட் பக்கத்துல' என்றால் போதாது, 'உள்ளே வந்ததும் இடது கை ஓரம் இருக்கிற மூணாவது லைட் கம்பம்' என்று எல்லாரும் நேரில் போய்த் தொட்டுவிட்டு வாருங்கள். கச்சேரி முடிந்து அரை மணிக்குள் அங்கே வர வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். மெய்டன் முடிந்து ஒருவனை ஒன்றரை மணி நேரம் தேடினோம், அவனும் எங்களைத் தேடிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறான்.

எங்கே நிற்பது? சத்தம் அருமையாகக் கேட்க வேண்டுமென்றால் ஒலிக்கலவை செய்யும் மேசை இருக்கும் கூடாரத்துக்குச் சற்று முன்னால் நில்லுங்கள், மேடைக்கு நேர் எதிரே மைதானத்தின் நடுவில் இருக்கும். ஒலிப்பொறியாளர் தன் காதுக்குச் சரியாக வைப்பதைத்தான் நீங்களும் கேட்பீர்கள். நூறு மீட்டர் பின்னால் போனால் ஒலி வந்து சேர ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். டிரம்மரின் கை இறங்குவதைக் கண் முதலில் பார்க்கும், அடி அப்புறம்தான் காதுக்கு வரும்.

மேடைக்கு முன்னால்தான் பிட். கூட்டம் தானாக ஒரு வட்டம் விட்டு ஒதுங்கும், நடுவில் இறங்கியவர்கள் ஒருவரையொருவர் தோளால் மோதிக்கொண்டு சுற்றுவார்கள். பார்க்கச் சண்டை மாதிரி இருக்கும், சண்டை இல்லை. அதற்கென்று விதிகள் உண்டு. முழங்கையை உயர்த்தக் கூடாது. ஓரத்தில் கைகட்டி நிற்பவரை இழுக்கக் கூடாது. யாராவது விழுந்தால் பக்கத்தில் இருக்கும் எல்லாரும் அந்த நொடியே நின்று தூக்கிவிட வேண்டும். மெட்டாலிகா கச்சேரியில் நான் விழுந்தேன். முதுகு தரையில் பட்டு முழுசாக ஒரு மூச்சு விடுவதற்குள் இரண்டு பக்கமும் அக்குளில் கை கொடுத்து யாரோ என்னை நிறுத்திவிட்டார்கள். தாடிக்காரர் ஒருவர் என் கண்ணை உற்றுப் பார்த்து 'ஓகேவா?' என்று சைகையால் கேட்டார், நான் தலையாட்டிய பிறகுதான் நகர்ந்தார். கொஞ்சம் தள்ளி இன்னொருவர் ஒற்றை ஷூவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஒரு பாட்டு முழுக்க நின்றார், உரியவர் நொண்டிக்கொண்டு வந்து வாங்கிப் போகும்வரை. இறங்க விருப்பமில்லை என்றால் இரண்டடி பின்னால் நில்லுங்கள், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

நெரிசல் வேறு விஷயம், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ராஸ்கில்ட் விழாவில், பேர்ல் ஜாம் பேண்ட் வாசித்துக்கொண்டிருந்தபோது மேடைக்கு முன்னால் ஏற்பட்ட நெரிசலில் ஒன்பது பேர் மூச்சுமுட்டி இறந்தார்கள். பாட்டு கேட்க வந்த சின்னப் பையன்கள். ஆகவே உங்கள் கைகளை விருப்பப்படி மேலே தூக்க முடியவில்லை, கூட்டம் அலைபோல உங்களை நகர்த்துகிறது என்று உணர்ந்த உடனே வெளியே வரத் தொடங்குங்கள். இரண்டு கையையும் குத்துச்சண்டைக்காரர் மாதிரி மார்புக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், மார்பு விரிய இடம் இருந்தால்தான் மூச்சு விட முடியும். தள்ளும்போது எதிர்க்காதீர்கள், அலை அடங்கும் இடைவெளியில் குறுக்காக, ஓரத்தை நோக்கி நகருங்கள். கீழே எது விழுந்தாலும் குனியாதீர்கள், போனே ஆனாலும் சரி. பக்கத்தில் யாராவது வெளிறிப்போய் இருந்தால் தடுப்புக்கு அப்பால் நிற்கும் காவலருக்குக் கை காட்டிச் சத்தம் போடுங்கள், அவர்கள் மேலே தூக்கி வெளியே எடுத்துவிடுவார்கள்.

பாட்டு நடக்கும்போது

ஒரு பாட்டை மட்டும் படம்பிடித்துவிட்டு போனைப் பையில் போடுங்கள். எது என்று முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். ஐந்து பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு பாட்டு என்று பிரித்துக்கொள்ளலாம்.

2007-ல் எங்கள் யாரிடமும் படம்பிடிக்கிற மாதிரி போன் இல்லை. மெய்டன் 'ஃபியர் ஆஃப் தி டார்க்' தொடங்கியபோது அந்தக் கிட்டார் மெட்டை மைதானமே சேர்ந்து பாடியது, வார்த்தை கிடையாது, வெறும் 'ஓ... ஓ...' மட்டும். பாட்டுக்காரர் மைக்கை எங்கள் பக்கம் நீட்டவே தேவையில்லாமல் இருந்தது. ராஜா பாட்டு மட்டும் கேட்டு வளர்ந்தவன் என்று சொன்னேனே, அவன் என் கழுத்தைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டு அந்த மெட்டைப் பிசகில்லாமல் பாடிக்கொண்டிருந்தான். 'எப்படிடா?' என்று அவன் காதில் கத்தினேன். ஒரு மாதமாக ஹாஸ்டல் மொட்டை மாடியில் தனியாகக் கேட்டுப் பழகியிருக்கிறான், எங்களிடம் சொல்லவில்லை.

திரும்பி வருவது

முடிந்ததும் வாசலை நோக்கி ஓடாதீர்கள். விளக்கு போட்ட பிறகு இருபது நிமிஷம் அப்படியே உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், காலை நீட்டுங்கள். வாசலிலேயே ஆட்டோ, கார் பிடிக்க நினைத்தால் கேட்ட விலை கொடுக்க வேண்டியிருக்கும், ஒரு கிலோமீட்டர் நடந்துபோய் அழையுங்கள். அன்றைக்கே ஊர் திரும்புவதாக இருந்தால் நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும் பஸ்ஸில் இடம் போடுங்கள், பத்தே முக்கால் ரயிலைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

மெய்டன் முடிந்த ராத்திரி நாங்கள் பெங்களூரின் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினோம். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டீக்கடையில் வண்டி நின்றபோது மணி இரண்டரை இருக்கும். கடையில் பத்துப் பதினைந்து பேர் டிவியைப் பார்த்தபடி துக்க வீட்டில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குத்தான் உலகக் கோப்பையில் இந்தியா பங்களாதேஷிடம் தோற்றது. கிரிக்கெட் என்றால் உயிரை விடும் நாங்கள் அன்று ஆட்டம் நடப்பதையே மறந்திருந்தோம். தொண்டை கட்டி ஐந்து பேருக்கும் குரல் இல்லை. கடைக்காரர் 'எத்தனை டீ தம்பி?' என்று கேட்க, ஐந்து விரலைக் காட்டினோம். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேட்ச் தோற்றதற்குக் கத்தித்தான் தொண்டை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, 'விடுங்கப்பா, அடுத்த மேட்ச் இருக்கு' என்று சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்தார்.

தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள், ஒரு நாள் பேசாமல் இருங்கள். காதில் இரைச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் மைதானத்தில் வாங்கிய டி-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, பச்சைத் தண்ணீரில், கையால் துவையுங்கள், நிழலில் காயப்போடுங்கள், படத்தின் மேல் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. என் 2007 சட்டையில் மெய்டனின் சின்னமான எடியின் முகம் இன்னும் அப்படியே இருக்கிறது, கழுத்துப் பட்டை மட்டும் நைந்துவிட்டது.